நீச்சல் என்று ஒரு வரி

மார்ச் 3, திங்கள்

காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் மோட்டார் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மாடியிலிருந்து கொட்டிய தண்ணீரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். அம்பத்தூர் கம்பெனியை மூடி ஒரு மாதம் ஆகிறது. பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பர். அவர்கள் கடைசியாகக் கொடுத்தது இந்த டைரிதான். சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

சாயங்காலம் பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் ஜெகனின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ரெஸ்யூம் அடித்தேன். வாழ்க்கையில் முதல் ரெஸ்யூம். அந்தக் காலத்தில் மாமா ஒரு வார்த்தை சொன்னார், உள்ளே போய்விட்டேன். ஜெகன் வேறு யாருடையதையோ திறந்து பெயரை அழித்து டில்லிபாபு என்று என் பெயரைப் போட்டான்.

“ஹாபி இன்னா அண்ணாத்தே?”

“அப்டி ஒண்ணும் கெடையாதுப்பா.”

“காலியா வுட்டா நல்லா இருக்காது. முன்னாடி இருந்ததே இருக்கட்டும்.”

இருந்தது: செஸ், நீச்சல், பாட்டு கேட்பது. இதில் பாட்டு மட்டும் உண்மை. அதுவும் பஸ்ஸில் போட்டால்.

மார்ச் 12

யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்காரி கன்னியம்மா ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 19, புதன்

வேலை கிடைத்துவிட்டது. எழுதும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய அபார்ட்மெண்ட். சூப்பர்வைசர் வேலை. மோட்டார், ஜெனரேட்டர், செக்யூரிட்டி ஆட்கள், குப்பை வண்டி எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி சார் என் ரெஸ்யூமைக் கீழேயிருந்து மேலே படித்தார். அப்படிப் படிக்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

“ஸ்விம்மிங் தெரியுமா உங்களுக்கு? ரொம்ப நல்லதாப் போச்சு. பூல் கிட்ட சாயங்காலம் ஒருத்தர் நிக்கணும். தனியா ஆள் போட சங்கத்துல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

“தெரியும் சார்” என்றேன்.

ஏன் சொன்னேன்? என் பெண் சிம்ரன் பன்னிரண்டாவது எழுதிக்கொண்டிருக்கிறாள், ஜூனில் கல்லூரி. அதனால்தான் என்று எழுதலாம். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் நினைப்பெல்லாம் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு மனிதர் என்னைப் பார்த்து ‘நல்லதாப் போச்சு’ என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 20

கன்னியம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

“ஒனக்கு பக்கெட் தண்ணிய வுட்டா வேற இன்னா தண்ணி தெரியும்?”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். “கொழந்தைங்க எறங்கற எடமாச்சேய்யா.”

வேறு வேலை கிடைக்கிற வரைக்கும்தான் என்றேன். அவள் வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்ததும், “ஞாயித்துக்கெழம எங்கண்ணன் கெணத்தாண்ட வா. நான் கத்துத் தரேன்” என்றாள்.

“ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“கெணத்து மோட்டுல பொறந்தவகிட்ட கேக்கற கேள்வியப் பாரு.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். எனக்குத் தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

மாங்காட்டுக்கு அந்தப் பக்கம் என் மச்சான் தமிழரசு குத்தகைக்குக் கீரை போடுகிறார். பெரிய கிணறு, படி உண்டு. கன்னியம்மா காலி எண்ணெய் கேனை என் முதுகில் கயிறு போட்டுக் கட்டினாள். சுடிதாரோடு மேல் படியிலிருந்து குதித்தாள். நான் பயந்து கத்தினேன். அந்தப் பக்கம் போய் எழுந்து, முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, “எறங்கு” என்றாள்.

இறங்கினேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு தண்ணீரையே பிடிக்கப் பார்த்தேன்.

“தண்ணியப் புடிக்காத. அது கையில நிக்குமா? சும்மா பட்த்துக்க.”

நிறையக் குடித்தேன். மேலேயிருந்து தமிழரசு, “மாப்ள, கொஞ்சம் மிச்சம் வையி, கீரைக்கு வோணும்” என்றார். வீட்டுக்கு வந்தும் காதில் தண்ணீர்.

மார்ச் 27

வேலை நன்றாகப் போகிறது. ஜெனரேட்டர் டீசல் கணக்கை ஒழுங்குபடுத்தினேன், சார் பாராட்டினார். சாயங்காலம் பூல் பக்கம் நிற்கிறேன். கழுத்தில் விசில். எனக்கு ஊதத் தெரியும். பிள்ளைகள் விசிலுக்குக் கட்டுப்படுகிறார்கள், அது ஒரு நிம்மதி. இல்லை, நிம்மதி இல்லை. எட்டு மணிக்குக் கதவைப் பூட்டும்வரை மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30

கேனோடு மிதந்தேன்.

ஏப்ரல் 6

கேன் இல்லாமல் முழுகினேன். கன்னியம்மா முடியைப் பிடித்துத் தூக்கினாள். “இப்டித்தான் தூக்கணும், கைய குடுத்தா ரெண்டு பேரும் போய்டுவோம்” என்றாள். பாடம் நடத்தினாளா, திட்டினாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சி பிளாக் பாப்பா, ஆறு வயது இருக்கும். அவளுடைய மிதவை வளையம் நழுவி ஆழமான பக்கம் போனது. அதைப் பிடிக்கச் சரிவில் நடந்தாள். தண்ணீர் முகவாய்க்கு வந்தது, பிறகு வாய்க்கு. நான் விசில் ஊதினேன். விசில் ஊதி என்ன? இலை அள்ளுகிற நீளக் கம்பு பக்கத்தில் கிடந்தது, நீட்டினேன். பிடித்துக்கொண்டாள், இழுத்தேன். அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அவள் அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கம்பு எட்டலன்னா இன்னா பண்ணியிருப்ப டில்லி? குதிச்சிருப்பியா? குதிச்சு? ரெண்டு பொணமா எடுக்கவா? விசிலு மாட்டிகினு நிக்கிறியே, வெக்கமா இல்ல?

சாப்பிடவில்லை. கன்னியம்மாவிடம் சொன்னேன். “நாளைக்குப் போய் சொல்லிடு” என்றாள்.

ஏப்ரல் 11

பார்த்தசாரதி சாரிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“சுத்தமாத் தெரியாதா?”

“வீட்டுக்காரி கத்துக் குடுக்கறா சார். கேன் கட்னா மிதப்பேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “பொய் போட்டதுக்குக்கூட இல்ல டில்லிபாபு. எல்லாரும் எதையாவது போடத்தான் செய்யறாங்க. மூணு வாரமா அந்தக் குழந்தைங்களை வெச்சுக்கிட்டு நின்னீங்க பாருங்க” என்றார்.

“ஆமா சார்.”

“நாளையிலேருந்து வர வேண்டாம்.”

நியாயம்தான். சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பாட்டு போட்டிருந்தான். கேட்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12

வேலை போன வீட்டில் இன்று கருவாட்டுக் குழம்பு. கன்னியம்மா இரண்டாம் முறை சோறு போட்டாள்.

ஏப்ரல் 17

பார்த்தசாரதி சார் போன். திரும்பக் கூப்பிடுகிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

“உங்க வீட்ல நீச்சல் தெரியும்னீங்களே? லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கறோம், குழந்தைகளுக்கும் லீவு விடப்போறாங்க. இந்தத் தடவை சங்கத்துல தனி ஆளுக்கு ஒத்துக்கிட்டாங்க. பேசிப் பார்க்கலாமா?”

போனை அவளிடம் கொடுத்தேன். எனக்கு எரிந்தது. எரியவில்லை என்று டைரியில்கூடவா பொய் எழுதுவது. என்னைத் துரத்திய இடத்துக்கு என் பெண்டாட்டி போவதா?

அவள் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மொகத்த ஏன் அப்டி வெச்சிகினு கீற? நீ போன்னாலும் போவேன், வோணான்னாலும் போவேன். அந்தப் பாப்பா இன்னும் அங்கதான குளிக்குது.”

போனை வாங்கி சார்ஜில் போட்டேன்.

ஏப்ரல் 19

நேற்று நீந்திக் காட்டச் சொன்னார்களாம். போய் வந்தாள். “கெணத்த வுட ஈசி, பாம்பு இல்ல” என்றாள். எடுத்துக்கொண்டார்கள். உயிர்காக்கும் பயிற்சிக்கும் அனுப்பப் போகிறார்களாம். சங்கத்து ஃபைலுக்கு ரெஸ்யூம் மட்டும் வேண்டுமாம்.

இரண்டு பேரும் ஜெகன் கடைக்குப் போனோம். பெயர், வயது, பத்தாவது ஃபெயில். நிறைய இடம் காலியாக இருந்தது. கடைசியில், “ஹாபி?” என்றான்.

“நீச்சல் போடுப்பா” என்றேன், பெருமையாக.

“அது ஹாபியாய்யா?” என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “அந்தக் கெணத்துலேர்ந்து நாலு பேர தூக்கிகீறேன். ரெண்டு பேருதான் பொழச்சாங்க. பொழைக்காததுல ஒண்ணு எங்க சித்தி பொண்ணு.”

ஜெகன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பிறகு அவனே அந்தத் தலைப்பை அழித்துவிட்டு, அவள் சொன்னதை அனுபவம் என்பதற்குக் கீழே அடித்தான்.

மே 8

சிம்ரன் பாஸ். நல்ல மார்க். கன்னியம்மா டிராக் பேண்ட், டி-ஷர்ட், விசிலோடு வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த விசில் நான் மாட்டியிருந்ததுதான்.

மே 26, திங்கள்

அவளுக்கு வார லீவு திங்கட்கிழமை. கிணற்றுக்கும் அதனால் திங்கட்கிழமைதான். இப்போது சமையல் என் பொறுப்பு. சாம்பார் தேறிவிட்டது, ரசம் இன்னும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

கேன் இல்லாமல் கிணற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனேன். தமிழரசு மேலே நின்று பார்த்தார், இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கன்னியம்மா படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“திரும்பி வா பாக்கலாம்” என்றாள்.

பாதி வந்தேன். மீதி அவள் வந்து இழுத்துவந்தாள்.

ஜூன் 18

திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் ஆள் வேண்டும் என்றார்கள். ஜெகன் என் பழைய ரெஸ்யூமைத் திறந்தான். செஸ்ஸை எடுக்கச் சொன்னேன். பாட்டு இருக்கட்டும் என்றேன்.

“நீச்சல்? அதான் இப்ப கத்துக்கினியே அண்ணாத்தே, அப்டியே வுட்டுடவா?”

“பக்கத்துல ‘கற்றுக்கொண்டிருக்கிறேன்’னு போடு.”

“அப்டிலாம் யாரும் போட மாட்டாங்க.”

“போடு.”

போட்டான். நான்கு பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கன்னியம்மா வருவதற்குள் குக்கர் வைக்க வேண்டும்.