ஒன்பதாவது சுற்றில் நீ ஏன் வந்தாய்?

மேல் கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பெரியவர் டூட்டி முடிந்து வந்ததும் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார். அந்தப் பச்சைத் தைலம்தான், நீ தேய்த்துக்கொள்வாயே, அதே நாற்றம். நேற்று ஞாயிற்றுக்கிழமை. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். தைலம் மூக்கில் ஏறியதும், "உன் காலுக்கு எதுக்குடா தைலம், சைக்கிள் ஓட்டுறவன் அங்க பெல்ஜியத்துல இருக்கான்" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். பெரியவர் என்ன நினைத்திருப்பார்?

பந்தயம் பார்க்கும்போது தனக்கே கெண்டைக்கால் வலிக்கிறது என்று தைலம் போட்ட ஒரே மனிதன் அபுதாபியின் இந்த ருவைஸ் ஊரில் நீயாகத்தான் இருக்க வேண்டும்.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களின் சைக்கிள் பந்தயம் ஒன்று இந்தப் பக்கமாகப் போனபோது, சாலையோரம் தடுப்புக் கம்பி போடும் வேலைக்கு உன்னை அனுப்பினார்கள். ஜெயிக்க வந்தவனை நீ பார்க்கவே இல்லை. கூட்டத்தில் இருந்து பின்தங்கி, பின்னால் வரும் தன் குழுவின் காரிடம் போய், எட்டு பாட்டில் தண்ணீரைச் சட்டைக்குள்ளேயும் முதுகிலேயும் திணித்துக்கொண்டு, கூன் விழுந்த மாதிரி திரும்ப மிதித்துப் போனானே ஒருவன், அவனைத்தான் பார்த்தாய். "லேய், அவன் ஜெயிக்கவே மாட்டான் கேட்டியா. ஆனா அவன் இல்லன்னா ஒருத்தனும் ஜெயிக்க மாட்டான்" என்று அன்று ரூமில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாய். எங்களுக்குச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வசந்த காலம் வந்தால் எங்களுக்கு ஞாயிறு மாலை நிம்மதி கிடையாது. டூட்டி முடிந்து பஸ் வந்து சேரும்போது அங்கே பந்தயத்தில் கடைசி அறுபது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் முடிகிற பந்தயம். கருங்கல் பாவிய சந்து, செங்குத்தான சின்னச் சின்ன மேடுகள், மழை, சேறு. பெயர்கள் வாயில் நுழையாததால் நீயே பெயர் வைத்தாய். ஒருவன் நெட்டையன், இன்னொருவன் மீசை. இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஒருவன் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மற்றவன் பாய்வான். நான் சும்மா இருக்க முடியாமல் மீசை பக்கம் சேர்ந்தேன். நெட்டையனின் குழுவில் வேலை செய்கிறவர்கள் அதிகம் என்று நீ அந்தப் பக்கம் போனாய்.

பாடம் நடத்துவதற்கு உனக்குச் செருப்பு போதும். வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் வரிசையாக அடுக்குவாய். "முன்னால போறவன் காத்த வெட்டிக் குடுக்கான். பின்னால ஒட்டிட்டு வாறவனுக்குப் பாதி வேலதான். அதுனால நம்ம ஆளு தனியாப் பிச்சுட்டுப் போயாச்சுன்னு வையி, பின்னால எதிராளி கூட இருக்க நாம என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நீயே சொல்லுவாய். "ஒண்ணும் செய்யப்பிடாது! அவன் முதுகுக்குப் பின்னால சும்மா உக்காந்திருக்கணும். நாம மிதிச்சா அவனையும் இழுத்துக் கொண்டு நம்ம ஆளு கிட்டயே சேத்துருவோம். அத மாதிரி மடத்தனம் ஒலகத்துல கிடையாது."

இதை நீ எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பாய்! யாரோ ஒருவன் தன் குழுத் தலைவனையே துரத்திப் பிடித்தபோது, நீ போனைப் பார்த்துக் கத்திய கத்தலில் பக்கத்து ரூம் பாகிஸ்தானிகள் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார்கள். "எடே மடையா, அது ஒன் ஆளுடே!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அவர்களுக்கு நான் இந்தியில் விளக்கம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்தவன்தானே நீ? அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த வருடம் கேம்ப்களுக்கு இடையில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். கடைக்குப் போய்வர வைத்திருக்கிறோமே, அந்தக் கட்டை சைக்கிளில்தான். கேம்பைச் சுற்றிப் பத்துச் சுற்று. ஒரு கேம்புக்கு நாலு பேர், ஆனால் ஜெயிக்கிறவன் ஒருவன்தான். அவனுக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட், பத்து நாள் லீவு. நம் நாலு பேரில் கால் வலு உனக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீ செருப்பை அடுக்கினாய். முதல் செருப்பாக என்னுடையதை வைத்தாய். "இவன் போட்டும். இவன்தான் பிள்ளைய இன்னும் பாக்கல."

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். எனக்கு லீவு வர இன்னும் ஒரு வருடம் கிடந்தது. அந்தப் பத்து நாளை நான் எப்படியெல்லாம் செலவழிக்கலாம் என்று கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டது உனக்குத் தெரியும். அவளுக்கு வாங்கிய கொலுசைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டியபோது, "சத்தம் கேக்க நல்லாருக்குடே" என்று நீதான் ஆட்டி ஆட்டிப் பார்த்தாய்.

எதிரி யார் என்பதும் தெரிந்ததுதான். பக்கத்துக் கேம்பில் சாரம் கட்டுகிற நேபாளி. ஒல்லி உடம்பு, கடைசி நூறு அடியில் அம்பு மாதிரி பாய்வான். பஸ் வரிசையில் அவனும் நீயும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பீர்கள், பிறகு சிரித்துவிடுவீர்கள். "அவன் கூட கடைசி வரைக்கும் போனா தோத்தோம். முன்னாலயே பிச்சிட்டுப் போ. நான் அவன் கூடவே இருந்து அவனக் கெட்டிப் போடுதேன்" என்று நீ போட்ட திட்டம்தான் அது. எனக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு சரியான திட்டம்.

வெள்ளிக்கிழமை காலை. கடலிலிருந்து ஷமால் காற்று மணலை வாரி அடித்தது. நம் ஆட்கள் இருவர் ஐந்தாவது சுற்றிலேயே கழன்றுவிட்டார்கள். ஏழாவது சுற்றில், மெஸ் மூலை திரும்பியதும் நீ கண்ணைக் காட்டினாய். நான் பாய்ந்தேன். எட்டாவது சுற்று முடியும்போது பின்னால் ஒரு ஆள் இல்லை. மைக் பிடித்திருந்த மலையாளி சூப்பர்வைசர் என் நம்பரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. மிச்சம் இரண்டே சுற்று.

ஒன்பதாவது சுற்றில், கடல் ஓரத்து நேர் சாலையில், எதிர்க்காற்றில் நான் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பனியன் ஒன்று வந்துகொண்டிருந்தது. நீ! உன் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், சுகமாக அந்த நேபாளி.

"மக்கா, பின்னால ஏறிக்கோ! நான் காத்து பிடிக்கேன்!" என்று கத்திக்கொண்டே வந்து எனக்கு முன்னால் போனாய். அதற்குப் பிறகு ஒன்றேகால் சுற்றுக்கு எங்கள் இரண்டு பேரையும் நீதான் இழுத்தாய். உன் முதுகு முழுக்க மணலும் வேர்வையும் அப்பிக் கிடந்தது. கடைசி நூறு அடியில் நேபாளி உன் நிழலிலிருந்து வெளியே வந்தான். அரைச் சக்கரத்தில் நான் தோற்றேன்.

ஜெயித்தவன் தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, உன்னைக் கட்டிக்கொண்டான். "பாய், பஹுத் ஷுக்ரியா பாய்" என்று நன்றி சொன்னான். நீ என்ன செய்தாய்? கையிலிருந்த தண்ணீரை அவனுக்குக் கொடுத்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு ரூமுக்கு நடந்தேன்.

"ஏன்டா வந்த? சும்மா அவன் பின்னால உக்காந்திருந்தா போதும்னு நீதானடா சொன்ன?" என்று அன்று மாலை கேட்டேன்.

"நீ ரொம்பத் தள்ளாடுத மாதிரி தெரிஞ்சுது மக்கா. அந்தக் காத்துல ஒத்தையில கெடக்கியேன்னு இருந்துச்சு. மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லையாம்! உன் சுபாவமே அதுதான். சைட்டில் உன் வேலையை முடித்துவிட்டு நிழலில் உட்கார் என்றால், அடுத்தவன் பைப்பைத் தாங்கிப் பிடிக்கப் போவாய். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பாய். சும்மா இருக்க வேண்டிய ஒரே ஒரு நாளில்கூட உன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மறு வருடம் நான் ஊருக்குப் போனபோது மகள் நடந்துகொண்டிருந்தாள். என்னிடம் வரவில்லை. என் கையிலிருந்த போனைக் காட்டி அழுதாள். அவளுக்கு அப்பா என்றால் அதற்குள் இருக்கிறவர். கொலுசு காலுக்குப் பத்தவில்லை. திரும்பி வந்ததும் அதையும் உன்னிடம் சொல்லித் திட்டினேன். அதற்குப் பிறகும் விடவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூட "ஒன்பதாவது சுற்று மாதிரி" என்றேன். நீ சிரிப்பாய். நீ வேலையை முடித்துக்கொண்டு நாகர்கோவில் பக்கம் போன பிறகு, போனில் பேசிய கடைசி ஞாயிறும் அதையே இழுத்தேன். "இன்னும் அத விடலியா மக்கா?" என்றாய். அப்புறம் நெட்டையன் எப்போது பாய்வான் என்று பேச ஆரம்பித்துவிட்டாய். மூன்று வாரம் கழித்து உன் தம்பி போன் செய்தான். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நேற்றைய பந்தயத்தில் நெட்டையன்தான் ஜெயித்தான். முப்பது கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் போய்விட்டான். பின்னால் மீசையோடு நெட்டையனின் ஆள் ஒருவன் இருந்தான். மீசை முழங்கையை ஆட்டி, முன்னால் வந்து மிதி என்று கெஞ்சினான், திட்டினான். அந்த ஆள் அசையவே இல்லை. நீ சொன்ன பாடம் அப்படியே நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உன் மேல் மறுபடி கோபம் வந்தது. போனை அணைத்துவிட்டேன்.

அணைத்தவன் இன்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நான் தள்ளாடவில்லை. காலில் வலு இருந்தது. கடல் ஓரத்தில் திரும்பிப் பார்த்தபோது உன் பின்னால் நேபாளி ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அந்த நிமிடமே மிதித்திருந்தால் நீங்கள் என்னைப் பிடித்திருக்கவே முடியாது. ஆனால் அந்தக் காற்றில் ஒரு சுற்று முழுக்கத் தனியாகக் கிடந்தவனுக்கு, நீ வருகிறாய் என்றதும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் மிதிப்பதை நிறுத்தினேன். நீ வந்து சேரும்வரை சைக்கிளைச் சும்மா உருளவிட்டேன்.

நீ அதைப் பார்த்தாய். இருபது அடிவரை நெருங்கி வந்தவன் பார்க்காமல் இருக்க முடியாது. இத்தனை வருடம் நான் உன்னைத் திட்டியபோதெல்லாம், "நீ ஏன்டே காத்து நின்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.