ஆளைத் தெரியாமல் அனுப்பிய காசு

என் அன்பு அக்கா,

நீ எங்களை விட்டுக் கண்மூடி ஒன்றரை வருடமாகிறது. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உன் மகள் கயல் வவுனியா கம்பஸில் இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டாள். மற்றச் செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு கிழமையாக இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். அத்தான் உன் தாலிக்கொடியை அடகு வைக்கப்போகிறார்.

அவசரப்பட்டு அவரைத் திட்டாதே. மாசி மாதம் அவருடைய போனை ஒரு வட்ஸ்அப் குழுவில் யாரோ சேர்த்துவிட்டார்கள். லண்டனில் ஒரு நிறுவனமாம், தங்கம் வாங்கி விற்கிறதாம். மாதாமாதம் லாபம் வருமாம், ஆறே மாதத்தில் போட்ட காசு இரட்டிக்குமாம். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார்.

"வாணி, இதை ஒருக்கா நிரப்பித் தாறியே? நீதானே கொமர்ஸ் ரீச்சர்."

எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்கு வர்த்தகம் படிப்பிக்கிறேன். நட்டமே வராது என்று சொல்லும் வியாபாரம் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். "அத்தான், இது சரியாப் படேல்லை" என்றேன். "உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்தான்" என்று சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நிரப்பிக் கொடுத்தேன்.

காசை நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களின் கணக்குக்குப் போடச் சொன்னார்கள். கள்ளம் என்று தெரிய அதுவே போதும். அதைச் சொன்னபோது அத்தான் கேட்டார்:

"கனடாவிலயிருந்து உங்கட அண்ணன் அனுப்பின உண்டியல் காசை ஆர் கொண்டுவந்து தந்தவன்? பேர் தெரியுமே? ஹெல்மெட்டைக்கூடக் கழட்டேல்லை. துண்டு தந்தவனே? ஒரு சதம் குறைஞ்சதே?"

குறையவில்லைத்தான். வங்கிகள் பூட்டிக் கிடந்த யுத்த காலத்தில், கைமாறிக் கைமாறி வந்த உண்டியல் காசைக் கொண்டுவந்து தந்த முகம் தெரியாத ஆட்களின் கையால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. பற்றுச்சீட்டுக் கேட்பதே மரியாதையில்லை என்று பழகியவர்கள் நாங்கள். அப்படி நம்பியே பிழைத்த மனிதரிடம் இனி நம்பாதேங்கோ என்று எந்தப் பாடப்புத்தகத்தைக் காட்டிச் சொல்வது?

உண்டியல்காரனுக்குப் பின்னால் அண்ணன் இருந்தார். போனில் கேட்டால், "ஓம், நான்தான் அனுப்பினனான்" என்பார். இவர்களுக்குப் பின்னால் யார்? இந்தக் கேள்வி அன்றைக்கு என் வாயில் வரவில்லை, அக்கா. பிந்தித்தான் வந்தது.

முதல் இரண்டு மாதம் சொன்னபடி லாபம் வந்தது. அத்தான் நெல் விற்ற காசையும் போட்டார். பக்கத்து வளவுப் பர்ஸானா ராத்தாவையும் சேர்த்துவிட்டார். தையல் மெஷின் வாங்கச் சேர்த்ததை அவா அப்படியே போட்டா. பிறகு எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. முதலில் வரி கட்டவேண்டுமாம், கட்டினால் எல்லாம் கைக்கு வருமாம். அந்த வரிக்குத்தான் உன் கொடி.

நேற்றுப் பின்னேரம் போய்க் கதைத்தேன்.

"இனி ஒரு சதமும் போடாதேங்கோ அத்தான். வரியெண்டால் அவங்களிட்டைக் கிடக்கிற காசில கழிக்கலாம்தானே? வாங்கோ, பொலிசில சொல்லுவம்."

"சொன்னால் ஊருக்கே தெரிஞ்சுபோம். பர்ஸானாவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"கொடி கயலுக்கு வைச்சது."

"எனக்குத் தெரியாதே? போனதை மீட்டால்தானே அவளுக்கு ஏதும் மிஞ்சும்." கொடி கிடந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சேர்ட் பைக்குள் போட்டார். "பிழையெண்டு தெரிஞ்சால் அண்டைக்கே என்ர கையைப் பிடிச்சிருக்கலாமே. நீதானே நிரப்பித் தந்தனி."

நான் எழும்பி வந்துவிட்டேன். வேறென்ன செய்திருக்கலாம்? திறப்பைப் பறித்திருக்கலாமா? கயலுக்குச் சொல்லியிருக்கலாமா? பரீட்சை நேரத்தில் அவளுக்கு எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் ஒரு பார்வையில் அவரை இருத்தியிருப்பாய். எனக்கு அந்தப் பார்வையும் இல்லை, உரிமையும் இல்லை.

இதைப் பள்ளிக்கூடத்தில், பாடமில்லாத நேரத்தில் எழுதுகிறேன். காலையில் அத்தான் புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஏறினாராம். நான்கு தரம் அழைத்தேன், எடுக்கவில்லை. அங்கே நகை அடகு பிடிக்கும் வங்கி திறந்து ஒரு மணித்தியாலம் ஆகிறது.

அக்கா, கொடியைக் காப்பாற்றித் தருகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. என்னால் முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். பர்ஸானா ராத்தாவுக்கும் அதே வரிச் செய்தி வந்திருக்கும். அவாவும் எதையோ விற்க யோசித்துக்கொண்டிருப்பா. பள்ளி விட்டதும் நேரே அவாவிடம் போகிறேன். வாசல் படலையில் வைத்தே என்னை ஏசினாலும், ஏசி முடியுமட்டும் நின்று கேட்பேன். "கட்டாதேங்கோ ராத்தா, எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

அத்தானைத் தடுக்க முடியாத
உன் தங்கச்சி,
வாணி