மோவாயில் மூன்று தையல்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போன வாரம் உன் மகளின் போனைப் பாதியில் துண்டித்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ அவள் கட்சி பேசுவாய்; அதனால்தான் கடிதம்.

லீவுக்குப் பேரனோடு இங்கே, நான் வேலை பார்க்கிற ஊருக்கு வருகிறாளாம். "குழந்தை சீட் இல்லாட்டி உங்க கார்ல ஏற மாட்டோம்ப்பா" என்றாள். நான் நாயாய் உழைத்து வாங்கிய காரில்!

"உன்னை மடியில வச்சுக்கிட்டுத்தானேடி ஊரெல்லாம் கார் ஓட்டினேன்? என்ன ஆச்சு?"

"நீங்க பிரேக் போட்டதுல என் மோவாயில மூணு தையல் ஆச்சு. மறந்துட்டீங்களா?"

அங்கேதான் துண்டித்தேன். எத்தனை திமிர் பார்! எல்லாம் மாப்பிள்ளை ஏற்றிவிடுகிற வேலை. நீயாவது இரண்டு வார்த்தை சூடாகக் கேள். மூன்று வயதுப் பொடியனுக்குச் சிம்மாசனம் வாங்க நான் என்ன இளிச்சவாயனா?

கையோடு பயலின் எடை எவ்வளவு என்று விசாரித்து எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: வாங்கிய சீட்டில் பதினைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பெல்ட் போட்டு, ஐந்து நாளாக வேலைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். பிரேக் போட்டால் அசையவில்லை.