நூற்றியேழு அரளி

ஆடி 11, ஞாயிறு

மத்தியானம் வீட்டில்: இவுக, அத்தை, கொழுந்தன் மாரி, அவன் பொண்டாட்டி செல்வி, நான். ஐந்து பேர். வெளியே பேய்க்காத்து, கொடியில் துணி நிற்கவில்லை.

சாப்பிட்டு எல்லாரும் சாய்ந்த பிறகு என் முக்கால் மணி நேரம். போனில் தோட்ட விளையாட்டைத் திறந்தால் தோட்டம் வரவில்லை. கம்பெனிக்காரன் அறிக்கை, இங்கிலீஷில். அகராதி வைத்து இரண்டு தடவை படித்தேன். தனி ஆட்டம் இன்றோடு நிறுத்தம். நாளை முதல் எல்லாத் தோட்டமும் பொது, யாரும் வரலாம். 'இனி நீங்கள் தனியாக இல்லை'யாம்.

தனியா இருக்கேன்னு யார் அழுதா?

இவுககிட்டச் சொன்னேன். "நல்லதுதானட்டி, நாலு பேரு வந்தா கலகலன்னு இருக்கும்லா." கலகலப்புக்கு இங்கே என்ன குறை. குளிக்கும்போது கதவைத் தட்டி உளுந்து எங்கன இருக்குன்னு கேட்கிற வீடு.

செடி நோட்டைப் பார்த்தேன். அரளி 107. வெள்ளிக்கு ஒன்று, அம்மனுக்கு நேர்ந்து, அந்தப் போன் தோட்டத்தில் நட்டது, இரண்டு வருஷத்துக்கு மேலாக. காய்ச்சலிலும் தவறவில்லை. வாற வெள்ளி 108. அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் முடியும். மாடியில் வாடகைக்கு இருப்பவளுக்கு வேறு எங்கே நந்தவனம்.

ஆடி 12, திங்கள்

கோயிலில் தபசுக் கொடியேற்றம். காலையிலேயே போய்க் கும்பிட்டு வந்தேன். சாம்பார் அடி பிடித்தது, என் தப்பு.

ம. 2.40. தோட்டத்துக்குள் மூன்று பேர், கோடாலியோடு. அரளியை வெட்டுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான். 'வெட்டாதீங்க, சாமிக்கு நேந்த செடி' என்று எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பதற்குள் நாலு போச்சு.

பதில் வந்தது: 'ஆண்ட்டி, வெட்டினாத்தான் டீமுக்கு பாயிண்ட். நீங்களும் வெட்டுங்க, சேத்துக்கிடுதோம்.'

31 போச்சு. மிச்சம் 76.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நட்டால் ஒன்றுமில்லை, வெட்டினால் பாயிண்ட் என்று வைத்தானே, அவன் விளங்குவானா. (தாயே, மன்னிச்சுக்கோ. ஆனால் எழுதினதை அடிக்க மாட்டேன்.)

அத்தை: "செல்லுல நட்ட செடிக்கு இம்புட்டு ஒப்பாரியா? ஒரு பூவாவது பறிச்சுத் தலையில வச்சிருப்பியா?" நேர்ந்தது நடுவதற்கு. பறிப்பதற்கு இல்லை.

ஆடி 13, செவ்வாய்

கோயிலை 108 தடவை சுற்றும் ஆடிச்சுற்று ஆரம்பித்தோம், செல்வியும் நானும். எண்ணிக்கைக்கு மடியில் புளியமுத்து 108. சுற்றுக்கு ஒன்று பைக்குள். பிராகாரத்தில் நெரிசல். இருபதாவதில் செல்வி முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஆளுக்கு அம்பத்திநாலு சுத்திச் சேத்துக்கிடுவமா?"

"அம்மன்கிட்டயே டீம் போடச் சொல்லுதியாட்டி?"

பின்னால் வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அவள் நொண்டிக்கொண்டே அவள் சுற்று. நான் என் சுற்று. இன்று 36.

அத்தனை கூட்டம். காலை மிதிக்கிறார்கள், தோளை இடிக்கிறார்கள். ஒருத்தர்கூட என் மடியிலிருந்து ஒரு முத்தை எடுக்கவில்லை. கூட்டம் எனக்கு ஆகாது என்று யார் சொன்னது?

ஆடி 14, புதன்

கால் வீக்கம். தோசைமாவு பொங்கி வழிந்து கிடந்தது, துடைக்க ஆளில்லை.

மாரி: "அதை அழிச்சிட்டு வேற கேம் ஏத்தித் தாரேன் மைனி." நான் கேட்டது அதுவா.

கம்பெனிக்கு நானே எழுதினேன், அகராதி வைத்து, இங்கிலீஷில். அனுப்பியாச்சு. தமிழ் நகல்:

ஐயா, கூடி ஆடுகிறவர்கள் ஆடட்டும். என் தோட்டத்துக்கு ஒரு கதவும் பூட்டும் போதும். வெட்டின 31 அரளியையும் நட்ட இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எது எந்த வரிசை, என்றைக்கு நட்டது என்று முழுதும் எழுதி இணைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் நடப்போவது 108ஆ, 77ஆ? அதற்கு முன்னால் பதில் எழுதுங்கள்.