மிச்ச மருந்து

சித்திரை, வியாழக்கிழமை.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்து குருத்தெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அதை அழிக்க, வேளாண்மை ஆபீஸ் அம்மா போன வாரம் ஒரு டப்பா குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார். கொசுவை விடச் சின்னவை. இனி மருந்தே அடிக்கக் கூடாது, அடித்தால் குளவி செத்துவிடும் என்றார். நான் அடிக்கவில்லை.

இன்று சந்தைக்குப் போய்த் திரும்பினால் காடெல்லாம் மருந்து வாடை. பக்கத்துக் காட்டு செல்லமுத்து அண்ணன் வரப்பில் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பருத்திக்குக் கலக்குனது ரெண்டு டேங்க் மிச்சமாயிருச்சு. உன்ற காட்டப் பாத்தா மனசு கேக்கல, அடிச்சுட்டேன்."

கலக்கிய மருந்தை எங்கள் ஊரில் யாரும் கொட்டுவதில்லை. பக்கத்துக் காட்டுக்கு அடித்துக் கொடுப்போம். போன வருஷம் அவர் மிச்சத்தில்தான் என் தட்டைப்பயிறு பிழைத்தது. நல்ல பயிறு அது, உப்புப் போட்டு வேகவைத்தால் வீதியே மணக்கும். அதில் ஒரு படி அவருக்கும் கொடுத்தேன்.

"ஏனுங்கண்ணா, குளவி உட்டிருக்குதுன்னு சொன்னனே."

"அதுவும் ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது சாமி. இனிக் கொட்டுமோன்னு பயமில்லாம களையெடுக்கலாம்."

ஆபீஸ் அம்மாவுக்குப் போன் போட்டேன். வேறு டப்பா இப்போது இல்லையாம்.

சாயங்காலம் ஒரு குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மருந்து எட்டாமல் மாவுப்பூச்சி அப்படியே உயிரோடு இருக்கிறது. இந்த வருஷம் கிழங்கு அவ்வளவுதான். நாளைக்கு அண்ணன் வந்து பூச்சி செத்துச்சா என்று கேட்பார். கொஞ்சம் குறைஞ்சிருக்குதுங்கண்ணா என்றுதான் சொல்லப் போகிறேன்.