வருண ஜெபமும் என் உரையும்

சில்க்போர்க், டென்மார்க், யூன் 14, சனி

1. யூன் 7: மழையைக் கட்டுப்படுத்த மனிதன் முயன்ற வரலாறு பற்றிய என் உரையைப் புல்வெளியில் நடத்தத் தமிழ்ச் சங்கத் தலைவர் கனகு அண்ணை இசைந்தார்.

2. யூன் 13: அதே புல் கருகுகிறதென்று, எனக்கு அறிவிக்காமல், ஐயரைக் கொண்டு வருண ஜெபம் செய்வித்தார்.

3. இன்று: மேகத்தைப் பீரங்கியால் சுட்டவர்களும் விமானத்திலிருந்து மருந்து தூவியவர்களும் நினைத்த நேரத்தில் மழையை வரவழைத்ததில்லை என்று நான் சொல்லி முடிக்குமுன் கொட்டியது. சபை ஐயருக்குக் கைதட்டியது.

"மழை வருமெண்டு ஐயர் சொன்னவர், நான் குடையோடை வந்தனான். நீர் படிச்ச ஆள், நனையும்," என்றார் அண்ணை.

அது வடகடல் காற்று கொணர்ந்த மழை. ஜெபத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும், உரையை நான் மீண்டும் நிகழ்த்தும் 21ஆம் திகதிக்கு முன் ஜெபம் எதுவும் நடைபெறாதென, 20ஆம் திகதி மாலை ஐந்து மணிக்குள் அண்ணை எழுத்தில் உறுதி தர வேண்டும்.