பத்து லட்சத்து மூன்று

அண்ணாச்சி,

இன்றும் ஊசி குத்துவதற்கு முன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவினார். அந்த வாடை ஏறியதும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்க தோஷம். நீங்கள் போனபின் அந்த டயாலிசிஸ் படுக்கை ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

நாம் பழகியதே இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்தான். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுத் திசையன்விளையில் உரக்கடை நடத்தியவர் நீங்கள். ஆழ்வார்குறிச்சியில் வாழை போடுகிறவன் நான். இரண்டாவது வாரமே எனக்கு வெறுத்துவிட்டது. "வாரம் மூணு நாள் இப்படிக் கெடக்கதுக்குப் போய்ச் சேரலாம். இனி வரமாட்டேன்" என்றேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அது உம்ம இஷ்டம் வே. ஒரு பெரிய எண்ணு சொல்லும். எதுலயாவது மீதியில்லாம வகுபடுதா, இல்ல பகா எண்ணான்னு பாத்துச் சொல்லிட்டுப் போவும்."

இரு முனையிலும் ஒன்று, நடுவே பூஜ்யங்கள். அழகாக இருக்கிறதே என்று பத்து லட்சத்து ஒன்றைச் சொன்னேன். மின்விசிறியை ஒருமுறை பார்த்தீர்கள்.

"அது வேண்டாம். நூத்தி ஒண்ணுலயே வகுபட்டு விழுந்துரும். பத்து லட்சத்து மூணை எடும்."

ஆயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்றீர்கள். காகிதம் கூடாது, போன் கூடாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்ற மூன்று எண்களுக்கும் மீதி நான்கே வந்தது. ஏதோ ஏமாற்றுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தேன். "மூணையும் பெருக்கிப் பாரும், ஆயிரத்தொண்ணு. பொறவு பேசும்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். வீடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்தேன். ஆயிரத்தொன்றைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதால் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு; மீதி நான்குதான். மறுதடவை உங்களுக்கு முன்னால் வந்து படுத்திருந்தேன்.

முந்நூறைத் தொட்டபோது ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் வரவில்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்காமலே தெரிந்துவிட்டது. அழுதேன் அண்ணாச்சி. மறு கையில் ஊசி; துடைக்க ஒரு கைதான் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே முந்நூற்று ஏழால் வகுத்தேன். மீதி நூற்று நான்கு.

இன்று கடைசி எண்ணுக்கு வந்துவிட்டேன்: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆயிரத்துக்கு மூன்று குறைவு. அதை ஆயிரத்து மூன்றால் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு ஒன்பது குறைவு. மீதி பன்னிரண்டு. பகா எண்தான்; சந்தேகமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நடுவில் எங்காவது வகுபட்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும், நானும் வருவதை நிறுத்தியிருப்பேன். நூற்றொன்றில் விழும் எண்ணை ஒரே பார்வையில் தள்ளிய உங்களுக்கு, இது கடைசிவரை விழாது என்று தெரியாமலா இருந்திருக்கும்?

"என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கிய?" என்று என்னைக் கேட்டார் நர்ஸ்.

ஒரு கோடிக்கு மேலே ஓர் எண்ணை நானாகவே எடுத்து வைத்திருக்கிறேன். வகுபடுமா படாதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டும். சனிக்கிழமை, மூன்றிலிருந்து தொடங்குகிறேன்.